துப்பாக்கியில் கட்டிய சீட்டு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு எழுத்து எதற்கு? ஆனால் நேற்று டிரங்குப் பெட்டியில் சட்டை தேடும்போது அந்தச் சீட்டு கையில் வந்தது. நூல் கோத்த மஞ்சள் அட்டை. நீல மையில் ஒரு நம்பர், பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் முத்திரை. எங்களை மிரட்டிய துப்பாக்கியின் கழுத்தில் தொங்கிய அட்டை அது.

துப்பாக்கி எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரருடையது. காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கினாராம். பன்றி அதைப் பார்த்ததோ இல்லையோ, நாங்கள் பார்த்தோம். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் காலனிக் காவடிகள் திருத்தணி மலைக்குப் புறப்படும் நேரத்தில், வாசலில் நாற்காலி போட்டு, அதை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பெரிய தெருவில் நாங்கள் வரக்கூடாது என்பதற்கு அதுவே போதும். ஏரிக்கரை முள்ளை மிதித்துச் சுற்றிப் போவோம். பொதுத்தெருவில் ஒருவரைத் தடுத்தால் ஜெயில் என்று சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டதாக ரேடியோ சொன்ன வருஷமும் அப்படித்தான் போனோம். "சட்டம் ரேடியோவுல கீது, துப்பாக்கி வாசல்ல கீது" என்று நான் சிரித்தேன். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த பாவா, என் அக்காவின் புருஷன், சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் தேர்தல். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு வந்தது. பெரிய வீட்டுக்காரர் அதை வேட்டியில் சுற்றி, நோய்வாய்ப்பட்ட பிள்ளையைப் போல பஸ்ஸில் கொண்டுபோனார். அந்த மாதக் கிருத்திகைக்குப் பெரிய தெருவிலேயே போய்விடலாம் என்று காலனியே குதித்தது. முன்காவடி தூக்க வேண்டிய பாவா மட்டும் மறுத்துவிட்டார்.

"அது உள்ள கீறப்போ போனா, அதுக்கு பயந்துகினு போனோம்னுதான் ஆவும். வெளிய வரட்டும். ஆடிக்குப் போலாம்."

வயிற்றில் பிள்ளையோடு இருந்த அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. "இன்னா பாவா, துப்பாக்கிக்கு வெத்தல பாக்கு வச்சு கூப்ட்டு வரட்டா?" என்றேன் நான். "ஆங், வை. மறக்காம நீயும் வா" என்றார்.

ஆடி வந்தது. துப்பாக்கியும் வந்தது, நாற்காலியும் வந்தது. பாவா ஏரிக்கரைப் பக்கம் திரும்பாமல் நேரே தெருவுக்குள் நடந்தார். பம்பைச் சத்தம் தானாக நின்றது. பெரிய வீட்டு வாசலில் காவடியோடு நின்று சொன்னார்: "ஐயா, இந்தத் தெருவுல போறோம். கேக்கல, சொல்றோம்."

பெரிய வீட்டுக்காரர் கை துப்பாக்கியின் மேல் நகர்ந்தது. பாவாவின் காவடி மறைவில் நின்ற எனக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. குழலில் ஸ்டேஷன் சீட்டு அவிழ்க்காமலே ஆடிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "ஐயா, நம்பர் போட்டுக் குடுத்துகீறாங்க! சுட்டா யாரோடதுன்னு தேடவே வாணாம்!"

முதலில் எதிர்வீட்டுக் கிழவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. பெரிய வீட்டுக்காரர் முகம் கறுத்து, சீட்டைப் பிய்த்து எறிந்தார். துப்பாக்கி மடியை விட்டு எழும்பவில்லை. பம்பை மறுபடி முழங்கியது. கீழே விழுந்த சீட்டைப் பொறுக்கி, மலை ஏறும்வரை நான் மடியில் முடிந்துவைத்திருந்தேன்.

என் நக்கல்தான் அன்றைக்கு ஜெயித்தது என்று எத்தனையோ டீக்கடையில் அளந்திருக்கிறேன். பொய். சிரிப்பு கிளம்புவதற்கு முன்பே பாவா அடுத்த அடியை எடுத்து வைத்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இப்போது பாவா, தண்டவாளக் கட்டைக்கு அடியில் கால் நசுங்கி, அரக்கோணத்தில் தடியூன்றி நடக்கிறார். துப்பாக்கி பெரிய வீட்டுக்காரர் மகன் பெயருக்கு மாறிவிட்டது. இந்தத் தேர்தல் முடிந்து போன வாரம்தான் ஸ்டேஷனிலிருந்து திரும்பியது. ஆடிக்கு வாசலில் உட்காரப்போவதாக அவன் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். எங்கள் ஆட்களிலேயே சிலர், ஏரிக்கரையும் வழிதானே என்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பம்பை அடிக்கும் என் கூட்டாளியிடம் சீட்டைக் காட்டி, பழைய கதை முழுவதையும் ஆவேசமாகச் சொன்னேன். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் கையிலேயே வைத்தான்.

"சீட்டு கெடக்கட்டும்டா, இந்த ஆடிக்கு முன்காவடி நீ தூக்கறியா?"