படகுக்கு வரி போடுவது யார்?

சட்ட விழிப்புணர்வு வகுப்பு எடுக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மீன் ஏலம் நடக்கிற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மூன்று வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். மைக் இல்லாமல், எதிர்க்காற்றில், அரசியல் சட்டம் சொல்லிக் கொடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் தொண்டையின் கஷ்டம் புரியும்.

அரை மணி நேரப் பாடம்

நாடாளுமன்றம் சட்டம் போடாமல் டில்லி அரசு நம்மிடம் ஒரு ரூபாய்கூட வரி வாங்க முடியாது. வாங்கிய பணத்தையும் நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாமல் கஜானாவிலிருந்து எடுக்க முடியாது. இதை அட்டையில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அரை மணி நேரம் விளக்கினேன். வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்ட ஒருவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இதுக்கு இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ படம்? எங்க ஊர்த் தலைவரு கோயில் பணத்துல ஒரு பல்பு வாங்கணும்னாலும் ஊர்க்கூட்டத்துல கேட்டுட்டுத்தான் வாங்கணும்."

பங்கு பிரித்த கதை

அடுத்த வாரம் கொஞ்சம் கடினமான பாடம். எதற்கு டில்லி வரி போடலாம், எதற்கு மாநிலம் போடலாம் என்று அரசியல் சட்டத்தில் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. படகு வரி மாநிலப் பட்டியலில் வருகிறது. நாடாளுமன்றமே நினைத்தாலும் போட முடியாது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்று இவர்களே முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். டில்லிக்கு ஒரு பாடு, சென்னைக்கு ஒரு பாடு, அவ்வளவுதானே என்று எனக்கு முன்னால் பாடத்தை முடித்துவிட்டார்கள்.

ஆனால் படகுத்துறை கட்ட டில்லி மானியம் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை என்றதும் மீன் விற்கும் தேசம்மா அக்கா எழுந்து நின்றார். "வாங்கக் கூடாது, ஆனா குடுக்கலாமா? இப்டி ஒரு சம்பந்தி எனக்கு வாய்க்கலியே மேடம்."

ரசீதுப் புத்தகம்

ஒரு நாள் காலை மீஞ்சூர் ரயில்வே கேட்டில் நிற்கிறேன், தேசம்மா அக்காவிடமிருந்து போன். யாரோ ஒருவன் ரசீதுப் புத்தகத்தோடு துறைக்கு வந்து, மத்திய அரசின் புதுப் படகு வரி என்று அவர்கள் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறானாம். அன்றைக்கு அவர்கள் பாடு. தவறினால் மறுபடி முறை வரப் பல நாளாகும். அதுவரை வீட்டில் வருமானம் கிடையாது. அவர் கணவர், கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்கிறாராம். எனக்கும் பயம் வந்துவிட்டது. இப்போதைக்குக் கட்டிவிடுங்கள், அப்புறம் மனு போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்: "நீங்க சொன்ன பாடத்த நீங்களே நம்பலன்னா எப்டி மேடம்?"

மன்னிப்பு

நான் போய்ச் சேர்ந்தபோது துறையில் அந்த ஆளும் இல்லை, படகும் இல்லை. தூரத்தில் தேசம்மா அக்காவின் கணவர் வலை விட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சட்டம், நம்பர் என்ன, யார் போட்டது என்று தேசம்மா அக்கா கேட்டிருக்கிறார். டில்லி என்றானாம். டில்லிக்கு அந்த உரிமை இல்லை என்றதும் சென்னை என்றானாம். அதற்குள் மற்ற படகுக்காரர்களும் சூழ்ந்து நின்று அதே கேள்வியைக் கேட்க, புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கைக் கிளப்பியிருக்கிறான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அத வுடுங்க மேடம். அடுத்த வாரம் மாநில அரசு எதுக்கெல்லாம் வரி போடலாம்னு சொல்லிக் குடுங்க. அந்தாளு அதப் படிச்சுட்டுத்தான் திரும்பி வருவான்."

மூன்று வருஷம் கத்தியதில் ஒருவராவது நான் சொன்னதை முழுசாக நம்பியிருக்கிறார்; அது நான் இல்லை என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.