பதினாறு பக்கங்களைக் கேட்டு எழுதிய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேரிடமாவது அக்கா ஒரு நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பார். என்னிடமும் பலமுறை கொடுத்தார். நான் படித்ததில்லை. ஆகவே அவருடைய வாசிப்பைப் பற்றி எழுத இக்குடும்பத்தில் தகுதி குறைந்தவன் நான்தான். ஆனாலும் அத்தான் என்னையே எழுதச் சொன்னார். காரணம் இக்கட்டுரையிலேயே இருக்கிறது.

அக்கா சாத்தான்குளத்தில் பிறந்தார். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது அவருக்கு எட்டு வயது, எனக்கு ஆறு. அவர் ஆசிரியப் பயிற்சியில் இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். பயிற்சியை முடித்த கையோடு திரேஸ்புரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தார். அம்மாவின் இழுப்பு நோய்க்கு வைத்தியம் பார்த்ததும், என்னைக் கல்லூரி வரை அனுப்பியதும் அவர்தான். இவற்றைப் பெரிதாகப் பேச அவர் விரும்பியதில்லை.

அவர் விரும்பிப் பேசியது நாவல்களைப் பற்றி. பள்ளி விட்டதும் கிளை நூலகத்துக்குப் போவார். பெயர்பெற்ற எழுத்தாளர்களின் அலமாரியைத் தாண்டி, யாரும் தொடாத மூலைக்குச் செல்வார். முதல் பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் நின்றபடியே படித்துப் பார்த்து எடுத்துவருவார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “பேர் தெரிஞ்சவுகளப் படிக்க ஊரே இருக்குலே. தெரியாதவுகள யாராவது தேடிப் போகணும்லா?” என்றார். கொழும்புக்குத் தோணியில் போய்வரும் மாணவர்களின் தகப்பனார்களிடமும் சொல்லிவைப்பார். அவர்களில் ஒருவர் வாசலில் நின்று, “டீச்சர், எனக்கு எழுத்து அவ்வளவா தெரியாது. கடைக்காரன் புதுசுன்னான், கொண்டாந்துட்டேன்” என்று ஒரு நாவலை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அக்கா அன்று சாப்பிட மறந்தார்.

எழுபதுகளின் நடுவில், அக்காவுக்கு இருபத்தெட்டு வயதானபோது, நாசரேத்தில் கணக்கு ஆசிரியராக இருந்த அத்தானின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. அம்மா மிகவும் கவலைப்பட்டிருந்த சமயம் அது.

அதே நாட்களில் அக்காவுக்கு ஒரு நாவல் கிடைத்தது. எழுதியவர் பெயரை நூலகர் கூடக் கேள்விப்பட்டதில்லை. முதல் புத்தகம் போலிருக்கிறது. ஆனால் பைண்டிங்கில் தவறு நேர்ந்து தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அடுத்து நூற்றுப் பதின்மூன்று வந்தது. தொண்ணூற்றாறில் கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். நூற்றுப் பதின்மூன்றில் வேறோர் ஊரில் கையில் குழந்தையோடு இருக்கிறாள். இடையில் என்ன நடந்தது என்று அறியாமல் அக்கா தவித்தார். எங்கும் வேறு பிரதி கிடைக்கவில்லை. பதிப்பகத்தின் விலாசத்துக்கு, ஆசிரியரின் பெயரிட்டு ஒரு கடிதம் எழுதினார்.

பதில் வந்தது. நான் அப்போது புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வேலைக்குப் போகும் வழியில், தெரு முனையில், தபால்காரர் அந்தக் கனத்த உறையை என்னிடம் தந்தார். அக்காவின் பெயருக்கு வந்திருந்தது. பின்புறத்தில் ஓர் ஆணின் பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நிச்சயம். முன்பின் தெரியாத ஆணிடமிருந்து இவ்வளவு பெரிய கடிதம் வருகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணினேன். உறையைப் பிரிக்கவில்லை. அலுவலக மேசை இழுப்பறையில், சரக்குச் சீட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அக்கா தினமும் கேட்பார். “தபால் எதும் வந்துச்சாலே?”

“இல்லக்கா.”

நிச்சயம் நல்லபடி நடந்தது. நான் உறையைக் கொடுக்கவில்லை. கல்யாணமும் முடியட்டும் என்றிருந்தேன். உறை என் கைக்கு வந்த பத்தொன்பதாம் நாள், அந்த எழுத்தாளரிடமிருந்து, அக்கா தம் கடிதத்தில் குறித்திருந்த பள்ளி முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. அனுப்பிய பக்கங்கள் கிடைத்தனவா என்று கேட்டிருந்தார். அக்கா அதை என்முன் வைத்தார். நான் மறுக்கவில்லை. உடனே சைக்கிளில் போய் உறையை எடுத்துவந்தேன்.

உள்ளே, விட்டுப்போன பதினாறு பக்கங்களையும் அந்த மனிதர் தம் கையால் எழுதி அனுப்பியிருந்தார். அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கடைசித் தாள் வரை படித்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“பத்தொம்பது நாளா அவள பஸ் ஸ்டாண்டுலயே நிக்க வச்சிட்டியேலே” என்றார். அதன்பின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அத்தானும் அவருடைய தாயாரும் கல்யாணப் புடவை பற்றிப் பேச வந்தார்கள். அக்கா அந்த உறையைக் கொண்டுவந்து எல்லோர் முன்னிலையிலும் அத்தானிடம் கொடுத்தார். அம்மா பதறிப்போனார்.

“யாரு எழுதுனது? ஆம்பள பேராட்டம் இருக்கு?” என்று அத்தானின் தாயார் கேட்டார்.

“கதை எழுதுதவரு. நான் கேட்டேன், அனுப்பியிருக்காரு. இனிமேலும் யாருக்காவது எழுதுவேன், பதில் வரும். கல்யாணத்துக்கு அப்புறம் தெரியுததவிட இப்பவே தெரியட்டும்” என்றார் அக்கா.

அத்தான் முதல் தாளை எடுத்தார். பதினாறையும் படித்தார். காபி ஆறிப்போயிற்று. முடித்ததும் தாள்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்: “இதுக்கு முன்னால உள்ளது எங்க இருக்கு?”

அக்கா நூலகப் புத்தகத்தை எடுத்துவர உள்ளே ஓடினார்.

அத்தானின் தாயாருக்கு அப்போது மனம் சமாதானமாகவில்லை. இதை எழுத அவரே அனுமதி தந்தார். கல்யாணத்துக்குப் பின் அத்தான் தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிவந்ததும், அக்காவுக்கு வரும் கடிதங்களுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றவர் அந்தத் தாயார்தான். அந்தப் பதினாறு தாள்களை அக்கா வைத்துக்கொள்ளவில்லை. நூலகரிடம் கொடுத்து, புத்தகத்தில் அந்த இடத்திலேயே வைத்துத் தைக்கச் செய்தார்.

ஒரு மகளைப் பெற்றார். ஐந்து ஆண்டுகளே மணவாழ்க்கை. சிறுநீரகக் கோளாறு வந்து, கடைசி மூன்று மாதங்கள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் மங்கியதும் அத்தான் வாசித்துக் காட்டினார். ஏற்கெனவே பிடித்த நாவல் ஒன்றை எடுத்துவரட்டுமா என்று நான் கேட்டேன். “அது எனக்குத் தெரியும்லா. புதுசா யாரு எழுதுதாகன்னு பாரு” என்றார். நான் பார்க்கவில்லை. உறையை ஒளித்துவைத்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதையும் கேட்கவில்லை. ஒரு காலை நேரத்தில் அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைத் தங்கள் கைகளில் தாங்கிய செவிலியர்கள், பள்ளியின் ஆசிரியைகள், நூலகர், குழந்தையைத் தன் குழந்தைபோல் வளர்க்கும் அத்தானின் தாயார், ஜெபித்தும் உடனிருந்தும் உதவிய சபையார், திரேஸ்புரத்துப் பெற்றோர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா இறந்த செய்தி அறியாமல், அக்காவோடு முன்பே கடிதத் தொடர்பில் இருந்த ஒரு பெண் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். தம் முதல் நாவல் அச்சாகிறது என்றும், முதல் பிரதியை அக்காவுக்கு அனுப்ப விரும்புவதாகவும் அதில் இருந்தது. நடந்ததைத் தெரிவித்து, புத்தகத்தை என் பெயருக்கு அனுப்பும்படி பதில் எழுதினேன். போன வாரம் வந்தது. நாற்பது பக்கம் படித்திருக்கிறேன்.