ஏழு அரியர்

1. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதல் வருடம் முடித்த அண்ணன் விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்தான்.
2. சைக்கிள் கடை அண்ணாச்சி அவனிடம் எத்தனை அரியர் என்று கேட்டார்.
3. அவன் ஒன்றுமில்லை என்றான்.
4. நான் ஏழு என்றேன்.
5. அக்காவின் படிப்பு நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் காலனியிலிருந்து இன்ஜினியரிங் போன முதல் ஆள் அண்ணன்தான். இடஒதுக்கீட்டில் சேர்ந்ததை அவன் மறைத்ததில்லை, ஊரும் மறந்ததில்லை. பங்சர் ஒட்டப் போனபோது என்னையும் கூட்டிப் போயிருந்தான். அண்ணாச்சி டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே கேட்டார்.

"ஏலே, கோட்டாவுல போனியே, எத்தனை அரியர் வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அரியர் என்பது விளையாட்டுப் போட்டியில் தரும் கோப்பை போல ஏதோ ஒன்று, அண்ணன் வெறுங்கையோடு வந்துவிட்டான், அதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பொறுக்க முடியவில்லை.

"எங்கண்ணன் ஏழு அரியர் வச்சிருக்கான். பெட்டியில கொள்ளல, ரூம்லயே இருக்கு."

அண்ணன் மறுத்தது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. சின்னப்பிள்ளை பொய் சொல்லாதுல்லா என்றார் அண்ணாச்சி.

நாங்கள் வீடு சேர்வதற்குள் ஏழு அரியர் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. தறி வேலை முடிந்து வந்த அப்பா தட்டைத் தொடவில்லை. அக்கா பத்தாம் வகுப்புக் கணக்கில் பள்ளியிலேயே முதல். ப்ளஸ் ஒன்னில் கணக்கு குரூப் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் பாதி சம்மதித்திருந்தார்.

"ஆம்பளப் பய நீயே தொங்குத. பொட்டப்பிள்ளைய என்ன தைரியத்துல அனுப்ப?"

ஒரு அரியரும் இல்லை, ஏழு என்றது இவள்தான் என்று அண்ணன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தான். அக்கா அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, அரியர்னா என்ன?"

"கப்பு."

"ஃபெயிலான பாடம், மூதி."

முதலில் அண்ணன் சிரித்தான். கொஞ்சம் பொறுத்து அப்பாவும் சிரித்தார், தட்டையும் இழுத்துக்கொண்டார். மறுநாள் அக்காவைக் கணக்கு குரூப்பில் சேர்க்க அவரே பள்ளிக்கூடம் போனார். சைக்கிள் கடைக்குப் போய் யாரும் எதையும் திருத்தவில்லை.

அண்ணாச்சி மகனும் அண்ணன் சேர்ந்த அதே வருடம் கர்நாடகாவில் நன்கொடை கொடுத்து இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். அவனிடம் யாரும் எத்தனை அரியர் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

இன்று அண்ணன் மின்வாரியத்தில் இருக்கிறான். அக்கா நெடுஞ்சாலைத் துறையில். நான் எலெக்ட்ரானிக்ஸ் முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறேன். மூவரும் இடஒதுக்கீட்டில் சேர்ந்தோம். மூவரும் முதல் வகுப்பு.