புதுப் பந்துக்கு முன்னால் நின்றவன்

அச்சன்புதூர் போகிற ரோட்டில் இருக்கிற சிமென்ட் கல் கம்பெனி என்னுடையது. குத்துக்கல்வலசையில் முகூர்த்த நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காத கல்யாண மண்டபம் என்னுடையது. சுரண்டையில் மாடி வைத்த கடைகள், ஓடுகிற லாரிகள், பிள்ளைகளுக்குத் தனித்தனி வீடு, எல்லாம் இந்தக் கையால் உண்டானவை. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பேங்க்காரன் கடன் இல்லை என்றான். சொந்தக்காரன் உனக்கு எதுக்கு இந்த வேலை என்றான். கூட்டு வைத்த ஒருத்தன் மிக்சர் மெஷினையே தூக்கிக்கொண்டு போனான். நான் நின்றேன். அப்படி நிற்பதை எங்கே படித்தாய் என்று இதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

மண்டப ஆபீசில் ஒரு பெரிய டிவி இருக்கிறது. டெஸ்ட் மேட்ச் நடந்தால் சமையல்காரர்கள், பந்தல்காரர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் வாசலில் வந்து நின்று பார்ப்பார்கள். நம் ஆட்கள் மளமளவென்று அவுட்டானதும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிட்ச் சரியில்லை என்பார் ஒருத்தர். காசு கூடிப்போச்சு என்பார் இன்னொருத்தர். என் மருமகன் செல்லைப் பார்த்துக்கொண்டு, கால் வைக்கிற கோணம் தப்பு என்பான். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. அது பதினாலு வயதில் என் விலா எலும்பில் பட்டுத் தெரிந்தது.

அப்போது நாங்கள் தென்காசியில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அரிசி மில்லில் கூலி வேலை. அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அவன் மட்டையைச் சுழற்றினால் பந்து ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் விழும். அவன் ஆடுவதைப் பார்க்கத் தெருவே வரும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாடகைக் கார் வைத்திருந்தார். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களை அருவி அருவியாகக் கூட்டிப்போவது அவர் தொழில். எங்கள் டீமுக்குப் பந்தும் மட்டையும் வாங்கித் தருகிறவரும் அவர்தான். அதனால் கேப்டன் அவர் பேச்சைத் தட்டமாட்டான்.

அந்த வருஷம் ஆனி மாதம், சென்னையில் ஒரு அரசுத் துறையின் கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுக்கிற அதிகாரி சீசனுக்கு வந்து மாமாவின் காரில் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் சுரண்டைக்காரர்களுக்கும் மேட்ச். வந்து பார்க்கிறேன், தேறுகிற ஆள் இருந்தால் வேலைக்கு எடுக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். மாதச் சம்பளம் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அந்த வாரம் முழுக்க அம்மா அண்ணனுக்கு மட்டும் முட்டை அவித்துப் போட்டாள். சின்னப் பையன்களில் நல்ல கை இருந்தால் படிப்போடு ஹாஸ்டலில் சேர்த்துவிடவும் வழியுண்டு என்று அதிகாரி சொன்னாராம். மாமா அதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சீசனில் சாரலுக்கு ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நிறுத்தினால் ஆனியும் ஆடியும் வீட்டில்தான் உட்கார வேண்டும். பந்து கையில் நிற்காமல் வழுக்கினால் ஒழிய ஆட்டம் நடக்கும். ஓவர் கணக்கும் அப்போது இல்லை. பொழுது சாய்வதற்குள் ஆளுக்கு ஒரு தடவை ஆடி முடிக்க வேண்டும். ஒரே நாளில் நடக்கிற டெஸ்ட் மேட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையில் மேற்கே மலையே தெரியவில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று சாரலை அள்ளிக்கொண்டு வந்தது. மண் பிட்ச், மேலே ஈரம். அந்த மாதிரி நாளில் டாஸ் ஜெயித்தவன் பந்து போடத்தான் போவான். எங்கள் கேப்டன் ஜெயித்து பேட்டிங் எடுத்தான். சுரண்டைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

எப்போதும் முதலில் இறங்குகிறவன் அண்ணன். அன்றைக்கு மாமா என்னைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். அதற்கு முன் அவர் என் தோளைத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

"ஏலே, இன்னைக்கு நீதான் மொதல்ல எறங்குத. ரன்னெல்லாம் வேண்டாம். மத்தியானம் வரைக்கும் நின்னு காட்டு. சாரு பாக்கணும்லா."

சொல்லிவிட்டு அதிகாரியைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி பேடு. இரண்டு பேட்ஸ்மேன்களும் ஆளுக்கு ஒன்றாக முன்காலில் கட்டிக்கொள்வோம். எனக்கு அது இடுப்பு வரைக்கும் வந்தது. சுரண்டையில் பந்து போட்டவன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அந்தத் தோளிலிருந்து வந்த புதுப் பந்து ஈர மண்ணில் குத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. ஒன்று விலாவில் பட்டது. ஒன்று கட்டைவிரலில் பட்டு நகம் கறுத்தது. ஆப் ஸ்டம்புக்கு வெளியே போனதையெல்லாம் போக விட்டேன். உள்ளே வந்ததை மூக்குக்குக் கீழே செத்து விழும்படி தடுத்தேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அடிக்கிற பலம் கையில் இல்லாததால் அதுவாக வந்தது.

ஸ்லிப்பில் நின்றவன் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, அது மட்டையா, வாழைக்கு முட்டுக் குடுத்த கம்பா?"

சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒவ்வொருத்தனாக வந்து, ஒவ்வொருத்தனாகப் போனான். பந்துக்குப் பந்து ரோட்டைப் பார்த்தேன். கார் வரவில்லை. வந்துவிடும், அதுவரைக்கும் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு முந்தின கடைசிப் பந்தில் நான்காவது ஆளும் போனான். நான் எடுத்திருந்தது ஏழே ரன்.

தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில், பந்து போட்ட அந்தச் சுரண்டைக்காரன் என் விரலைப் பிடித்துப் பார்த்தான். வாய்ப் பக்கம் வைத்து ஊதினான்.

"ஒங்க அண்ணன் எங்கலே? சாரல் விட்ட பொறவுதான் வருவானோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் அண்ணன் வந்தால் உன் பந்து சுரண்டையில் போய் விழும் என்றேன். அவன் சாப்பிடப் போய்விட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சாரல் விட்டு வெயில் அடித்தது. பிட்ச் காய்ந்து வெளுத்தது. பந்து நைந்து, நனைந்த பணியாரம் போல ஆகியிருந்தது. அப்போதுதான் கார் வந்தது. அதிகாரி தலை படிய எண்ணெய் மினுங்க, கழுத்தில் துண்டோடு இறங்கினார். அருவியில் வெகுநேரம் நின்ற சுகம் அவர் கண்ணில் சொக்கிக் கிடந்தது. மாமா நாற்காலி எடுத்துப் போட்டார். அண்ணன் இறங்கி முதல் பந்தையே தூக்கி அடித்தான். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

என்னால் மட்டையை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பழக்கத்தில் தடுத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கொண்டுவந்த பையன் காதோடு சொன்னான்.

"மாமா ஒன்னைய அடிச்சு ஆடச் சொன்னாவ."

அதிகாரியிடம் என்னைக் காட்டப்போகிறார் என்று உள்ளம் குதித்தது. அடுத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினேன். பந்து மேலே போய் ஒரு சுரண்டைக்காரன் கையில் விழுந்தது. அதிகாரி என் ஆட்டத்தில் கவனித்துப் பார்த்தது அந்த ஒரு அடியைத்தான். நான் நாற்காலியைத் தாண்டி வரும்போது, இவன் யார் என்று கேட்டார்.

"அவன் கெடக்கான் சார். பந்து பொறுக்க வாரவன், ஆளு இல்லேன்னு எறக்கிவிட்டாங்க."

மோசமாக அவுட்டானதற்கு நான் வெட்கப்படக் கூடாது என்றுதான் மாமா அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். அவர்மேல் நன்றியாகக்கூட இருந்தது.

அண்ணன் அறுபதைத் தாண்டினான். வேலை கிடைத்தது. மறு வருஷம் அப்பா முதுகு போய்ப் படுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் அறுக்கிற களத்துக்குப் போனேன். அண்ணன் மாமா மகளைக் கட்டினான். அந்தக் கல்யாணப் பந்தியில்தான் மாமா சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கதையை அவிழ்த்தார்.

"மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்தது நாந்தாம்லா. சாரல் விடுத மட்டும் அந்த ஆள அருவிய விட்டு வெளிய வர விடலையே. ஒரு எண்ணெ, ஒரு குளி, பொறவு இன்னொரு அருவி. டாஸ் ஜெயிச்சா பேட்டிங் எடுக்கணும்னு கேப்டன்ட்ட மொதல்லயே சொல்லிட்டேன். புதுப் பந்துக்கு இந்தா, இந்தப் பயல முன்னால விட்டேன்."

பந்தியே சிரித்தது. நான் சாம்பார் வாளியோடு நின்று, கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

இப்போது டிவியில் ஆடுகிற பையன்களைப் பாருங்கள். எல்லாரும் மத்தியானத்தில் வளர்ந்தவர்கள். காய்ந்த பிட்ச், நைந்த பந்து, தூக்கி அடித்தால் கைதட்டு. ஆள் எடுக்கிறவரும் கைதட்டு கேட்கும்போதுதான் வந்து உட்காருகிறார். காலையில் சாரலில் நின்று பந்தை விட்டவனை அவர் பார்த்ததே இல்லை. பார்க்காத வேலைக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலையை எந்தப் பிள்ளை படிக்கும்? வெளிநாட்டில் மேகம் மூடின காலையில் வெளியே போகிற பந்தைத் துரத்திப் போய்க் கேட்ச் கொடுத்துவிட்டு வருகிறான் என்றால், விடத் தெரியாதது அவன் குற்றமில்லை. விட்டவனை நீங்கள் வைத்துக்கொண்டீர்களா?

எங்கள் பழைய டீம் இப்போது கிளப்பாகியிருக்கிறது. போன மாதம் அதன் விழா மேடையில் ரிட்டயர்ட் ஆன அண்ணன் இதே விஷயத்தைப் பேசினான். இன்றைய பேட்ஸ்மேன்களுக்குப் பொறுமை இல்லையாம். நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் சாரலில் உடம்பைக் கொடுத்து நின்றோம் என்று விலாவைத் தொட்டுக் காட்டினான். என் விலாவை அவன் தொட்டுக் காட்டுகிறான். கீழே முதல் வரிசையில் நான் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன், பந்தல் செலவு என்னுடையது என்பதால்.

நின்றால் போதும், பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார் என்று அந்தப் பதினாலு வயதுப் பையன் நம்பினான். பார்க்க வேண்டியவரை வேறு இடத்துக்குக் கூட்டிப்போய் வைத்திருக்க முடியும் என்பதும், அதைச் செய்கிறவர் நம் தோளில் கை போட்டுவிட்டுத்தான் போவார் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

கிளப்புக்கு விழா மலர் போடுகிறார்கள். அண்ணனிடம் கட்டுரை கேட்டார்கள், என்னிடம் நன்கொடை கேட்டார்கள். நன்கொடை தருகிறேன். என் போட்டோ வேண்டாம், நன்றி என்ற வார்த்தையும் வேண்டாம். அந்தச் சுரண்டை மேட்ச்சைப் பற்றி எழுதுகிற இடத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றது யார் என்று எழுதுங்கள். என் பெயரை அண்ணன் பெயருக்கு மேலே போடுங்கள். முதலில் இறங்கியவன் நான்.