ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு

அன்றைக்கு அந்த எண்ணெய் டேங்கின் வாயருகே இருந்தவர்கள் இவ்வளவுதான்: கீரனூர்க்காரரான எங்கள் ஃபோர்மேன், உள்ளே கூட்டிப் பெருக்கப் போன நான்கு பேர், அப்புறம் நான். நான்கு பேரில் ஒருவர் இலுப்பூர், ஒருவர் திருமயம், மற்ற இருவர் நேபாளத்து அண்ணன் தம்பிகள். வேறு ஆள் கிடையாது. எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வளைகுடாவில் ஒரு துறைமுகம். அங்கிருந்து கப்பலேறும் கச்சா எண்ணெய் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனதால் இருந்த இடம் போதவில்லை. பெரிய கப்பல் வந்து நிற்கக் கடலுக்குள் புதுத் துறைமேடை கட்டினார்கள். கரையில் வரிசையாக டேங்குகள் எழும்பின. எங்கள் ஊர்க் கண்மாயில் பாதியை ஒரு டேங்க் விழுங்கிவிடும். உள்ளே போக அடியில் வட்டமான ஒரு வாய் இருக்கும்; ஆள் குனிந்து நுழையலாம். அந்த வாயில் காவல் இருப்பதுதான் என் வேலை. ஹோல் வாட்ச் என்பார்கள். உள்ளே போகிறவரின் அட்டையை வாங்கிப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் திருப்பித் தர வேண்டும். காற்றில்லாமல் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியே தெரியாது. அதனால் அவ்வப்போது ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டு தட்டுவேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தால் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு இந்த வேலை கிடைத்ததே என் பயத்தால்தான். "ஒன்ன மாரி பயந்தாங்கொள்ளிதான்யா இதுக்குச் சரிப்படும். தைரியசாலிய ஒக்கார வச்சா தூங்கிப்புடுவான்" என்றார் ஃபோர்மேன்.

அது கடைசித் துப்புரவு. முடிந்ததும் வாயை இரும்புத் தகடு போட்டு மூடி, போல்ட் முறுக்கி, எண்ணெயை விடுவார்கள். புதுத் துறைமேடைக்கு முதல் கப்பல் வரப்போகிறது என்று மேலே இருப்பவர்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான்கு பேரும் வெளியே வந்தார்கள். முகம் பார்த்து அட்டையைக் கொடுத்தேன். பலகை காலி. கை சும்மா இராமல், பழக்கதோஷத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

நான்கு பேரும் என் எதிரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"உள்ள ஆள் இருக்குங்க" என்றேன்.

ஃபோர்மேன் பலகையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "யாருய்யா, ஒம் மாமனாரா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சுங்க."

"வெயில்ல காஞ்ச இரும்பு, பொழுது சாஞ்சா சடசடங்கத்தான் செய்யும். நாலு பேரும் இந்தா நிக்கிறாங்கள்ல? மூடுங்கய்யா."

டேங்குக்குக் கடல் பக்கம் இன்னொரு வாய் உண்டு. அங்கே வேறு கம்பெனி ஆட்கள், வேறு காவல். மத்தியானமே மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காவல்காரனுக்குக் கணக்குத் தப்பியிருந்தால்? வாயை மறித்து உட்கார்ந்துகொண்டேன். ஃபோர்மேன் கத்தினார். இன்ஜினியர் வந்தார். கடைசியில் நேபாளத்து அண்ணனை டார்ச்சோடு உள்ளே அனுப்பினார்கள். உள்ளே கூரையைத் தாங்கும் இரும்புக் கால்கள் கோயில் மண்டபத்துத் தூண்கள்போல வரிசை வரிசையாக நிற்கும். ஒரு மூலையில் ஆள் விழுந்து கிடந்தால் டார்ச் வெளிச்சத்துக்கு எட்டாது. அவர் போன வேகத்தில் திரும்பி வந்து கையை விரித்தார்.

வேறு யாருக்காவது சத்தம் கேட்டதா என்று இன்ஜினியர் விசாரித்தார். டேங்கில் சாய்ந்து நின்ற இலுப்பூர்க்காரரை முதலில் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்றார். மற்றவர்களும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள்.

இரண்டு பேர் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நகர்த்தினார்கள். போல்ட் முறுக்குகிற சத்தத்தில், அதற்குமேல் உள்ளே யார் தட்டியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

மறுநாள் டேங்குக்குள் எண்ணெய் ஏறக் குழாய் அதிர ஆரம்பித்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்பில் யாராவது காணோம் என்று பேச்சு வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வரவில்லை. அதில் நிம்மதியும் இல்லை. எங்களில் ஒருவன் காணாமல் போனால் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக்கொள்வது அங்கே நடக்கிறதுதான்.

வேலையைத் தடுத்தவன் என்று ஒப்பந்தம் முடியும் முன்னே என்னை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். விசாவுக்கு ஏஜெண்டிடம் கட்டிய பணம் முழுக்க வட்டிக்கு வாங்கியது.

"ஒங்க ஆளுக எல்லாரும் வெளிய வந்துட்டாங்கல்ல?" என்று கேட்டாள் மனைவி.

"வந்துட்டாங்க."

"பெறகு என்னங்க? வட்டிக்காரர் வந்தா என்ன சொல்றதுன்னு அத யோசிங்க."

நான் அதையும் யோசித்தேன், இதையும் யோசித்தேன். அன்னவாசல் பங்கில் பெட்ரோல் போடும்போது இன்றைக்கும் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொள்கிறேன். எந்த டேங்கிலிருந்து வந்ததோ.

போன மாதம் இலுப்பூர்க்காரர் லீவில் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனேன். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே! நான் உசுரோட இருக்கேனான்னு பாக்க வந்தீங்களாக்கும்?"

சிரித்து வைத்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன். கையைப் பிடித்தும் பார்த்துவிட்டேன், சூடாக இருந்தது.

டீ வாங்கி வரச் சொன்னார். கொத்தனார்கள் கொஞ்சம் தள்ளிப் போனதும் குரலை இறக்கினார். "அண்ணே, அன்னைக்கு நானும் கேட்டேண்ணே."

நான் அவர் பக்கமாக நெருங்கிப் போனேன்.

"அந்த இரும்புலதான சாஞ்சு நின்னேன். ரெண்டு தட்டும் முதுகுல தெரிஞ்சுச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா மூடியிருக்க மாட்டாங்கல்ல தம்பி?"

"சொல்லியிருந்தா என்னையும் ஒங்களோட ஏத்தி விட்டிருப்பாங்க. நானும் வட்டிக்குத்தாண்ணே வாங்கிட்டுப் போயிருந்தேன்."

திட்ட வாய் வந்தது. அவர் கையில் டீ ஆடை படிந்துகொண்டிருந்தது, குடிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "கடன் எப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது சித்திரையிலயே முடிஞ்சிருச்சுண்ணே. ஒங்களுக்கு?"

எனக்கு இன்னும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பாக்கி.