சாலமோன் அண்ணன் சாத்திய கதவு

சபையின் வாட்சாப் குழுவில் காலையில் செய்தி வந்தபோது, அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். போதகர். இதிலும் முந்திக்கொண்டாரா என்று எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகே சாலமோன் அண்ணன் போய்விட்டார் என்பது மண்டையில் ஏறியது. என் புத்தி அப்படி.

கிள்ளான் சபையில் அவரோடு பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், சபை மூப்பர். தம்மைவிட இருபது வயது இளைய போதகர் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். "ஆண்டவர் வச்ச ஆளு. புடிச்சாலும் புடிக்காட்டியும் மரியாத குடுக்கணும்லா" என்பார். காக்கா பிடிக்கிறார் என்றே நினைத்தேன்.

பக்கத்து ஊரான மேருவில், எங்கள் வீட்டில், என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். திருவிருந்து அப்பம் வாங்க வேண்டும் என்று வாரக்கணக்கில் கேட்டும் போதகர் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். போதகரை மாற்றச் சொல்லிப் பேராயருக்கு எழுதப்போவதாகவும் சொன்னேன். அவர் நிதானமாக, "முதுகுக்குப் பின்னாடி வேணாம் தம்பி. முகத்துக்கு நேரா சொல்லு. அதுவும் மரியாததான்" என்றார். வேறு யாரிடமும் நான் இதைப் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கம், கையில் சிக்கிய சவுல் ராஜாவைத் தாவீது கொல்லாமல் விட்ட கதை. கர்த்தர் ஏற்படுத்தியவர்மேல் கை வைக்கக் கூடாது என்று போதகர் என் பக்கம் பார்த்தே சொன்னதுபோல் இருந்தது. போட்டுக்கொடுத்தது யார் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த வாரமே போதகர் திருவிருந்தோடு வீட்டுக்கு வந்தார். காரை ஓட்டி வந்தவர் அண்ணன். அம்மா அழுதுகொண்டே அப்பத்தை வாங்கினார். எனக்கோ எல்லாம் நாடகமாகப்பட்டது. வெயிலில் காருக்குள் இருந்த அண்ணனை நான் உள்ளே கூப்பிடவில்லை. அதன்பின் அவரோடு பேசவும் இல்லை.

இப்போது அவருடைய நினைவுத் தாளில் இதை எழுதுவதற்காகப் பழைய சபைத் தாள்களைப் புரட்டினேன். அந்த மாதத்தின் பிரசங்க அட்டவணை கிடைத்தது. சவுல் கதை மாதத் தொடக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நான் கடையில் வாய் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. அது கோயில் வாசல் பலகையிலும் ஒட்டியிருந்திருக்கும். பிரசங்கம் சுருக்கென்று தைத்தால் நம்மைத்தான் குறிவைத்தார் என்று நினைப்பது சபைக்காரர்களின் வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

அப்போதும் நம்பாமல் போதகரிடமே போய்க் கேட்டேன். நான் கடையில் புலம்பிய பிறகு அண்ணன் அவருடைய அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மேருவுல ஒரு அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்க போகாதது தப்புங்கய்யா. காடிய நான் ஓட்டுறேன்" என்றாராம். என் பெயரை எடுக்கவே இல்லையாம்.

ஆனாலும் போதகர்மேல் இருந்த சந்தேகம் எனக்கு விடவில்லை. கடைசி நாட்களில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் எத்தனை முறை போனீர்கள் என்று போதகரைக் கேட்டேன்.

அவர், "தெனமும் போனேன். தெனமும் உங்களத்தான் கேட்டாரு. ஃபோன் போடவான்னு கேட்டேன். வேணாம், அவனா வரட்டும்னுட்டாரு" என்றார்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். அதே கிள்ளானில்தான் நானும் இருந்தேன்.

அவனா வரட்டும். அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த இரண்டு சொற்கள்தான். நான் வரவில்லை, அண்ணே.