முகம் மாறக்கூடாது

உடல் பருமனைப் பற்றி ஆராய்வது என் வேலை. நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பேன். எத்தனை பரோட்டா, எத்தனை பாட்டில் கலர் என்று யார் எதைச் சொன்னாலும் கேட்பவர் முகம் மாறக்கூடாது. மாறினால் அடுத்த பதிலில் பொய் வந்துவிடும். இத்தனை வருடங்களில் அந்த விதி என் முகத்திலேயே தங்கிவிட்டது.

போன மாதம் கும்மிடிப்பூண்டியில், இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் செல்வியின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பிலும் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். நான் பையை மூடும்போது சிரித்தாள்.

"என்னையே கேட்டுக்கினு இருக்கீங்களே மேடம், நேத்து நீங்க இன்னா சாப்ட்டீங்க?"

விளையாட்டாகத்தான் சொல்லத் தொடங்கினேன். காலையில் வெறும் காபி. மதியம் ரயிலில் பிஸ்கட். ராத்திரி பார்சல் பிரியாணி, சமையலறையில் நின்றபடியே.

"நின்னுக்கினேவா? ஊட்ல கூட யாரும் இல்லியா?"

எங்கள் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி அது. இல்லை என்றேன்.

செல்விக்கு எங்கள் விதி தெரியாது. சிரிப்பு போய், முகம் அப்படியே வாடிவிட்டது.

உணவுக் கொள்கை பற்றி எத்தனையோ நாடுகளில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். நான் சாப்பிட்டதைக் கேட்டு ஒரு முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன்.

"கஷ்டமா இல்லியா மேடம்?"

"அதெல்லாம் பழகிடுச்சும்மா" என்றேன்.

விதி சரிதான். முகம் மாறினால் அடுத்த பதில் பொய்யாகத்தான் வருகிறது.